பிரிட்டனில் ஒரு ஞாயிறு: எந்தப் பேச்சு வானொலியைத் திறந்து வைப்பது?

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கைக்கு வேலை நிறைய இருக்கும். இட்லிக்கு அரைக்க வேண்டும், வாரத்துக்கான துணியை இஸ்திரி போட வேண்டும், பிள்ளைகளின் பள்ளிப் பையைச் சரிபார்க்க வேண்டும். காது மட்டும் சும்மா இருக்கும். பாட்டு வேண்டாம், யாராவது பேசிக்கொண்டிருந்தால் போதும் என்று தோன்றும். அதுவும் ஒரே பேச்சாக இல்லாமல் செய்தி கொஞ்சம், கதை கொஞ்சம், தோட்டம், அரசியல், சிரிப்பு என்று மாறி மாறி வந்தால் நல்லது. பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்கள் சிலர் என்னிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள்: ஞாயிறு முழுக்க ஒரே நிலையத்தை வைத்துவிடலாம் என்றால் எதை வைப்பது?

பிபிசியில் நான்கு நிலையங்களைப் பார்க்கலாம்: ரேடியோ 4, ரேடியோ 4 எக்ஸ்ட்ரா, ஃபைவ் லைவ், வேர்ல்ட் சர்வீஸ். தனியாரில் எல்பிசி, டைம்ஸ் ரேடியோ இரண்டும் முக்கியமானவை. இவற்றோடு ஏழாவதாக ஒரு வழியும் இருக்கிறது. எந்த நிலையமும் வேண்டாம், செயலியில் நமக்குப் பிடித்ததைப் பொறுக்கி நாமே வரிசை போட்டுக்கொள்ளலாம். காசு விஷயத்தில் கவலை வேண்டாம். தொலைக்காட்சிக்குத்தான் லைசென்ஸ் கட்டணம். வானொலிக்கான தனி லைசென்ஸை 1971-லேயே நீக்கிவிட்டார்கள்.

ஒப்பிடுவதற்கு முன் கொஞ்சம் பழைய கதை. ஞாயிறு எப்படி ஒலிக்க வேண்டும் என்பது அந்த நாட்டில் ஒரு காலத்தில் பெரிய பிரச்சினையாக இருந்தது. பிபிசியின் முதல் தலைமை இயக்குநர் ஜான் ரீத் கடுமையான சமயப் பற்று உள்ளவர். அவர் காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் வழிபாடு, கனமான இசை, கனமான உரை, இவ்வளவுதான். தேவாலய நேரத்தில் வானொலியே பேசாது. நேயர்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பிவிட்டார்கள். பிரான்சின் கடற்கரையிலிருந்து ரேடியோ நார்மண்டியும், 1933 முதல் ரேடியோ லக்சம்பர்க்கும் ஆங்கிலத்தில் பாட்டும் விளம்பரமும் கலந்து அனுப்பின. பிரிட்டிஷ் வீடுகள் ஞாயிறன்று கூட்டம் கூட்டமாக அந்தப் பக்கம் போயின. 1940-இல், போர்க்காலத்தில், படைவீரர்களுக்கென்று தனி ஒலிபரப்பு தொடங்கியபோதுதான் பிபிசியின் ஞாயிறு கொஞ்சம் இளகியது. இன்று ரேடியோ 4-இன் ஞாயிறு காலையைக் கேட்டால் அந்த இரண்டு பக்கமும் தெரியும். ரீத் விட்டுப்போன கனமும் இருக்கிறது, நேயர் ஓடிவிடக் கூடாது என்ற கவனமும் இருக்கிறது.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலையிலிருந்து மதியம் மூன்று மணி வரை ரேடியோ 4-க்கு இணையாக எதுவும் இல்லை. மூன்று மணிக்குமேல் ஆளுக்கு ஆள் மாறும்.

ரேடியோ 4 விடியற்காலை 5.43-க்கு ஞாயிறைத் தேவாலய மணியோசையில் தொடங்குகிறது. வாரத்துக்கு ஓர் ஊர், அந்த ஊர்த் தேவாலயத்தின் மணிகள். பிறகு ஏழு மணிச் செய்தியைத் தொடர்ந்து 'சண்டே' என்ற சமயச் செய்தி நிகழ்ச்சி வரும். சமயம் என்றதும் பிரசங்கம் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்துத் திருச்சபைக்குள் நடக்கும் சண்டை, மசூதி, குருத்வாரா, கோயில் விவகாரங்கள் எல்லாவற்றையும் செய்தியாளர்கள் கேள்வி கேட்டு விசாரிக்கிறார்கள். அது முடிந்ததும் 7.54-க்கு ஒரு சிறிய நிகழ்ச்சி: ஒரு தொண்டு நிறுவனத்துக்காக ஒருவர் மூன்று நிமிடம் போலப் பேசி நன்கொடை கேட்பார். 1926-இல் தொடங்கிய வழக்கம் இது. வாரத்துக்கு ஒரே ஒரு நிறுவனத்துக்குத்தான் அந்த இடம். கேட்பவர் அழுது புலம்புவதில்லை. ஒரு மனிதருக்கு நேர்ந்ததைச் சொல்லி, பணம் எதற்குப் போகும் என்று சொல்லி, முகவரி கொடுத்து முடித்துவிடுவார். சுருக்கமாகப் பேசுவது எப்படி என்று கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் இதை வாரா வாரம் கேட்கலாம்.

எட்டு மணிச் செய்திக்குப் பிறகு ஞாயிறு வழிபாடு. அதற்கடுத்து 8.48-க்கு 'எ பாயிண்ட் ஆஃப் வியூ'. ஒரே ஒருவர், பத்து நிமிடம், ஒரு கட்டுரை. பேட்டி கிடையாது, பின்னணி இசை கிடையாது. இதற்கு முன்னோடி அலிஸ்டர் குக் என்பவர் அமெரிக்காவிலிருந்து வாராவாரம் வாசித்த கடிதம். அது 1946-இல் தொடங்கி 2004-இல் அவர் ஓய்வு பெறும் வரை ஓடியது. ஒரு மனிதக் குரலை நம்பி இவ்வளவு ஆண்டு இடம் கொடுத்த நிலையம் வேறு ஏது? இதில் பேசுபவர்களோடு பலமுறை எனக்கு உடன்பாடு இருப்பதில்லை. ஆனாலும் நடுவில் யாரும் குறுக்கிடாமல் ஒருவர் தன் வாதத்தை முழுதாகச் சொல்லி முடிப்பதைக் கேட்பது, இப்போது அரிதாகிவிட்ட சுகம்.

ஒன்பது மணிக்கு 'பிராட்காஸ்டிங் ஹவுஸ்'. செய்திதான், ஆனால் ஞாயிறுக்கு ஏற்ற நடையில் இருக்கும். விருந்தினர்கள் அன்றைய பத்திரிகைகளைப் புரட்டிப் பேசுவார்கள். பத்து மணிக்கு 'டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்'. ராய் பிளோம்லி என்பவர் 1942 ஜனவரியில் தொடங்கியது. ஆளில்லாத தீவில் தனியாக ஒதுங்கிவிட்டால் எந்த எட்டு இசைத்தட்டுகளை எடுத்துப்போவீர்கள்? ஒரு புத்தகம், ஓர் ஆடம்பரப் பொருள் வேறு. பைபிளும் ஷேக்ஸ்பியரும் அங்கேயே இருக்கும் என்று கணக்கு. கேள்வி எளிமையானது. அதற்குப் பின்னால் இருக்கும் உத்தி அருமையானது. நேராக உங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டால் எந்தப் பிரமுகரும் வழக்கமான நாலு வாக்கியம் சொல்லித் தப்பித்துவிடுவார். இந்தப் பாட்டை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டால் அப்பா தானாக வந்துவிடுகிறார். பாட்டு ஒலிக்கும் அந்த அரை நிமிடத்தில் விருந்தினர் மனம் எங்கோ போய் வருவதும், அடுத்த வாக்கியத்தில் குரல் மாறியிருப்பதும் கேட்பவருக்குத் தெரியும். அறுவை மருத்துவர், நடிகர், நீதிபதி, விஞ்ஞானி என்று யார் வந்தாலும் இது நடக்கிறது. இசை இருந்தாலும் இதைப் பேச்சு நிகழ்ச்சி என்றே சொல்வேன்.

பதினொரு மணிக்கு 'தி ஆர்ச்சர்ஸ்' வாரத் தொகுப்பு, ஒன்றேகால் மணி நேரம். முன்பு பத்து மணிக்கு இருந்ததை 2024 வசந்தத்தில் ஒரு மணி நேரம் தள்ளினார்கள். ஆம்பிரிட்ஜ் என்ற கற்பனைக் கிராமத்தின் கதை. 1951 புத்தாண்டு அன்று நாடு முழுக்கத் தொடங்கியது. போருக்குப் பிறகு உணவுப் பொருள் ரேஷனில் இருந்த காலம் அது. விவசாயிகளுக்குப் புதிய முறைகளைக் கதைக்குள் வைத்துச் சொல்லிக்கொடுப்பதுதான் முதல் நோக்கம். இன்றும் மாட்டு நோய், பயிர் விலை, நிலத்தை யாருக்கு எழுதிவைப்பது என்பதெல்லாம் கதைக்குள் ஓடுகின்றன. 1955 செப்டம்பர் 22 அன்று ஐடிவி என்ற போட்டித் தொலைக்காட்சி தொடங்கிய அதே இரவில், கிரேஸ் ஆர்ச்சர் என்ற பாத்திரத்தைத் தீ விபத்தில் சாகடித்தார்கள். நாடே அதைப் பற்றிப் பேசியது. புதிதாகக் கேட்பவர்களுக்கு இது கடினம், மறைக்க விரும்பவில்லை. யார் யாருக்கு மருமகள் என்று பிடிபட இரண்டு மூன்று மாதம் ஆகும். நம் ஊரில் நெடுந்தொடர் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தப் பொறுமை இருக்கிறது. இல்லாதவர்கள் அந்த ஒன்றேகால் மணி நேரத்தைச் சமையலுக்கு விட்டுவிடலாம். ஒரு மணிக்குச் செய்தியலசல் வந்துவிடும்.

இரண்டு மணிக்கு வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: 'கார்டனர்ஸ் கொஸ்டின் டைம்'. 1947-இல் மான்செஸ்டர் பக்கத்தில் ஆஷ்டன்-அண்டர்-லைன் என்ற ஊரின் ஓட்டல் ஒன்றில் தொடங்கியது. இன்றும் அதே முறைதான். தோட்டக்கலை வல்லுநர்கள் ஏதாவது ஓர் ஊருக்குப் போய் மேடையில் உட்காருவார்கள். ஊர்க்காரர்கள் எழுந்து கேள்வி கேட்பார்கள். தக்காளி இலை ஏன் சுருள்கிறது, நத்தையை என்ன செய்வது, தாத்தா வைத்த ரோஜா செத்துக்கொண்டிருக்கிறது, காப்பாற்ற முடியுமா? வல்லுநர்கள் ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசுவார்கள், அதுதான் சுவை. ஒருவர் வெட்டச் சொல்வார், பக்கத்தில் இருப்பவர் வெட்டினால் போச்சு என்பார். ஜன்னலோரத் தொட்டியில் கறிவேப்பிலை வளர்க்கப் பார்த்து, நவம்பரில் இலையெல்லாம் உதிர்ந்து நிற்கும் தமிழ் வீடுகள் பிரிட்டனில் ஏராளம். உறைபனிக்கு அஞ்சும் செடியை எப்போது உள்ளே எடுப்பது, குளிர்காலத்தில் தண்ணீரை எவ்வளவு குறைப்பது என்பதெல்லாம் இந்த நிகழ்ச்சியில் வேறு செடிகளின் பெயரில் அடிக்கடி வருகிறது. அப்படியே நம் தொட்டிக்கும் பொருந்தும்.

மூன்று மணிக்கு நாடகம் தொடங்கும். இங்கேதான் பாதை பிரிகிறது. ஆங்கில நாடகத்தைக் காதால் மட்டும் பின்தொடர்வது பழகாதவர்களுக்குச் சிரமம். வீட்டில் ஆட்கள் வந்து போகும் நேரமும் அதுதான். நாலு நிமிடம் விட்டுவிட்டால் கதை போய்விடும்.

கால்பந்து பிடிக்கும் என்றால் இந்த நேரத்தில் ஃபைவ் லைவுக்குப் போய்விடுங்கள். 1994-இல் தொடங்கிய நிலையம், 2011 முதல் மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் இருந்து இயங்குகிறது. அதனால் வடக்கத்திக் குரல்கள் நிறைய. லண்டன் உச்சரிப்பை மட்டும் ஆங்கிலம் என்று நினைத்துப் பழகியவர்களுக்கு இது நல்ல பயிற்சி. பிரீமியர் லீக் பருவத்தில் ஞாயிறு மாலை ஆட்ட வருணனை இங்கே இருக்கும். வானொலி வருணனைக்கு அந்த நாட்டில் நீண்ட பரம்பரை உண்டு. 1927 ஜனவரியில் ஆர்சனலும் ஷெஃபீல்ட் யுனைடெட்டும் ஆடிய ஆட்டத்தை முதன்முதலாக ஒலிபரப்பியபோது, மைதானத்தை எட்டுக் கட்டங்களாகப் பிரித்து அந்தப் படத்தை 'ரேடியோ டைம்ஸ்' இதழில் அச்சிட்டார்கள். வருணனையாளர் ஆட்டத்தைச் சொல்ல, பந்து எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று இன்னொருவர் எண்ணைச் சொல்லிக்கொண்டே இருப்பார். வீட்டில் இருப்பவர் படத்தில் விரல் வைத்துப் பின்தொடரலாம். இன்று கட்டம் இல்லை, ஆனால் பந்து எந்தப் பக்கம், யாருக்கு எத்தனை அடி தூரத்தில் என்று சொல்லும் அந்த ஒழுங்கு அப்படியே இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் '606', நேயர்கள் தொலைபேசியில் திட்டித் தீர்ப்பார்கள். கால்பந்தில் ஆர்வம் இல்லாதவருக்கு ஞாயிறு மதியத்து ஃபைவ் லைவில் ஒன்றுமே இல்லை. பலவகைப் பேச்சு வேண்டும் என்பவர்கள் இதை நாள் முழுக்க வைக்க முடியாது.

எல்பிசிக்கு வருவோம். 1973 அக்டோபரில் தொடங்கிய இது, பிரிட்டனில் சட்டப்படி வந்த முதல் தனியார் வானொலி. வெகுகாலம் லண்டனுக்கு மட்டும் இருந்து 2014-இல் டிஜிட்டல் வழியாக நாடு முழுக்கப் போனது. உயிர்நாடி நேயர் அழைப்புதான். தொகுப்பாளர் தன் கருத்தை ஒளிக்காமல் சொல்வார், அழைப்பவர்கள் மோதுவார்கள். தனியாக இருப்பவர்களுக்கு இது நல்ல துணை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். வாடகைக் கார் ஓட்டுபவரும் ஓய்வுபெற்ற ஆசிரியையும் அடுத்தடுத்து பேசுவதைக் கேட்டால், பிரிட்டன் எப்படி யோசிக்கிறது என்று எந்தப் பத்திரிகையையும் விட வேகமாகப் புரியும். ஆனால் நாம் கேட்டது பலவகை. இங்கே குரல்கள் பலவகை, விஷயம் ஒன்றுதான். காலையில் குடியேற்றம் என்று ஆரம்பித்தால் மதியமும் குடியேற்றம்தான். புலம்பெயர்ந்து வந்த ஒருவர் ஓய்வு நாளில் தன்னைப் பற்றிய அந்த விவாதத்தை மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா என்பதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் முடியாது. இடையில் விளம்பரங்களும் உண்டு.

டைம்ஸ் ரேடியோ 2020 ஜூன் 29-இல் வந்தது. எல்பிசியைவிட அடங்கிய குரல், நீண்ட பேட்டிகள். ஞாயிறு காலை பிரிட்டனில் அரசியல் பேட்டிகளின் நேரம். அமைச்சர்கள் தொலைக்காட்சிக்கு வந்து சொல்வதை அன்றைக்கே அலசிக் கேட்க வேண்டும் என்பவர்களுக்கு இது சரி. வெஸ்ட்மின்ஸ்டரில், அதாவது நாடாளுமன்ற அரசியலில், ஆர்வம் இல்லையென்றால் இதைத் தேட வேண்டியதில்லை.

ரேடியோ 4 எக்ஸ்ட்ரா ஒரு பழைய பெட்டகம். 2002-இல் பிபிசி 7 என்று தொடங்கி 2011-இல் இந்தப் பெயருக்கு மாறியது. பிபிசி சேர்த்துவைத்திருக்கும் நகைச்சுவை, துப்பறியும் நாடகம், தொடர்வாசிப்பு எல்லாம் இங்கே மறுபடி வரும். மழை பெய்யும் மதியத்தில் மூன்று மணிக்குமேல் என் கை இதைத்தான் தேடும். அரை மணி நேர நகைச்சுவை என்றால் நடுவில் கதவைத் திறக்கப் போனாலும் நஷ்டம் இல்லை. ஆனால் ஐம்பது, அறுபதுகளின் நகைச்சுவையில் வெளிநாட்டவரையும் பெண்களையும் பற்றிய சில வரிகள் இன்று காதில் உறுத்தும். பிள்ளைகள் கூட இருந்தால் கவனிக்க வேண்டும். செய்தி இல்லை, இன்றைய நாள் இல்லை. அதனால் ஞாயிறு முழுவதற்கும் இது போதாது. 2022-இல் இந்த ஒலிபரப்பை ஒருநாள் நிறுத்தும் எண்ணத்தை பிபிசி வெளியிட்டபோது எனக்கு வருத்தமாக இருந்தது. எதையும் தேடாமல் பழையது தானாகக் காதில் விழும் இடம் அது ஒன்றுதான்.

வேர்ல்ட் சர்வீஸ் பற்றித் தமிழர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. 1932 டிசம்பரில் பேரரசு ஒலிபரப்பாகத் தொடங்கிய நிறுவனம், 1941-இல் தமிழில் பேசத் தொடங்கியது. தமிழோசைக்காகச் சிற்றலையில் முள்ளைத் தேடிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. 2017-இல் அந்த வானொலி ஒலிபரப்பு முடிந்துவிட்டது. பிரிட்டனில் இருந்துகொண்டு ஆங்கில வேர்ல்ட் சர்வீஸைக் கேட்பதில் இரண்டு நன்மை. ஒன்று, ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களும் கேட்பார்கள் என்று தெரிந்தே பேசுகிறார்கள், ஆகவே வேகம் நிதானம், உள்ளூர்ச் சிலேடை குறைவு. ரேடியோ 4-இல் பாதி புரியாமல் போகிறது என்பவர்கள் ஆறு மாதம் இதைக் கேட்டுவிட்டு அங்கே திரும்பலாம். இரண்டு, கொழும்பிலோ டாக்காவிலோ நைரோபியிலோ ஏதாவது நடந்தால் அது இங்கே முதல் செய்தியாக வர வாய்ப்பு உண்டு. குறை என்னவென்றால், நீங்கள் வாழும் நாடு இதில் பாதி காணாமல் போகும். பக்கத்து வீட்டுக்காரர் திங்கள் காலையில் எதைப் பற்றிப் பேசுவார் என்று இது சொல்லாது. இரவு வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு தகவல்: இரவு ஒரு மணியிலிருந்து விடியற்காலை வரை ரேடியோ 4-இன் அலைவரிசையிலேயே வேர்ல்ட் சர்வீஸ்தான் வரும். மருத்துவமனையிலும் முதியோர் இல்லத்திலும் இரவுப்பணி முடித்துக் காரில் திரும்புபவர்கள் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

இனி அந்த ஏழாவது வழி. பிபிசி சவுண்ட்ஸ் செயலி 2018-இல் வந்த பிறகு, மேலே சொன்ன பிபிசி நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவற்றை எந்த நாளிலும் கேட்கலாம். அப்படியிருக்க எதற்கு நேரலை? பலவகை வேண்டும் என்று சொல்லிக்கொண்டு நாமே தேர்ந்தெடுத்தால், இரண்டாவது வாரமே ஒரே வகையில் போய் நிற்கிறோம். அரசியல் பிடித்தவர் ஐந்து அரசியல் நிகழ்ச்சி வரிசை போடுவார். பக்கத்து ஊர்த் தேவாலய மணியையோ மாட்டு நோயையோ யாரும் தேடி எடுப்பதில்லை. சனி, ஞாயிறு மாலை 5.54-க்கு ரேடியோ 4-இல் வரும் கடல் வானிலை அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். வைக்கிங், ஃபார்ட்டீஸ், டாகர், ஃபிஷர் என்று 31 கடற்பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் காற்றின் திசை, வேகம், வானிலை, எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியும் என்பது, எப்போதும் அதே வரிசையில். சுமார் 350 சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டும் என்பது கட்டுப்பாடு, ஆகவே வினைச்சொல் அநேகமாக இருக்காது. மீனவருக்கும் மாலுமிக்கும் எழுதப்பட்டது. கப்பல் ஏறாத லட்சக்கணக்கானோர் அதை விரும்பிக் கேட்கிறார்கள். செயலியில் இதை யார் தேடுவார்கள்? வழியில் வந்ததால்தான் பழகியது. அதனால் செயலியை விட்டதைப் பிடிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: மணியோசைக்கு எழ முடியாதவர்கள், மூன்று மணி நாடகத்தை இரவு தூங்கும் முன் கேட்க நினைப்பவர்கள்.

வானொலிப்பெட்டி வாங்குவதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ரேடியோ 4 பண்பலையில் நாடு முழுக்கக் கிடைக்கும், பெரும்பாலான இடங்களில் 92-க்கும் 95-க்கும் நடுவில் தேடினால் போதும். ஃபைவ் லைவ் மத்திய அலையில் 693, 909. எல்பிசி லண்டனில் பண்பலை 97.3. ஆனால் எக்ஸ்ட்ரா, வேர்ல்ட் சர்வீஸ், டைம்ஸ் ரேடியோ மூன்றுக்கும் டிஏபி என்ற டிஜிட்டல் வானொலிப்பெட்டி வேண்டும். டிஏபியில் ஒலி சில நொடிகள் தாமதமாக வரும். மணிக்கு மணி ஒலிக்கும் கிரீனிச் நேரக்குறியை வைத்துக் கடிகாரத்தைச் சரிசெய்பவர்கள் பண்பலையிலேயே கேளுங்கள்.

பெட்டியில் நிலையங்களை முன்கூட்டியே பதிந்துவைக்கும் பொத்தான்கள் இருக்கும். வீட்டில் பெரியவர்கள் ஊரிலிருந்து வந்து தங்கியிருந்தால் முதல் பொத்தானில் வேர்ல்ட் சர்வீஸ், இரண்டாவதில் ரேடியோ 4. மற்றவர்கள் எல்லோருக்கும் முதலில் ரேடியோ 4, அப்புறம் எக்ஸ்ட்ரா, மூன்றாவது ஃபைவ் லைவ். கால்பந்து பார்க்காத வீடு என்றால் மூன்றாவதை வேர்ல்ட் சர்வீஸுக்குக் கொடுத்துவிடலாம்.